ஏற்காட்டுக் களப்பணியால் மாணவர் என்ன கற்றார்? மருத்துவக் கல்வித் திட்டத்தை மதிப்பாய்வு செய்ய ஒரு வழிகாட்டி

ஆண்டு முடிவில் துறை அலமாரியில் ஒரு கட்டு ஃபீட்பேக் ஃபார்ம் சேர்ந்திருக்கும். நூறு மாணவர், பத்துக் கேள்வி, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று டிக். சராசரி 4.3 என்று அறிக்கையில் ஒரு வரி ஏறும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்களிடம் அந்த ஃபைலைக் காட்டலாம். ஆனால் அடுத்த ஆண்டும் அந்தத் திட்டத்தை அப்படியே நடத்துவதா, நாட்களைக் குறைப்பதா, வேறு ஊருக்கு மாற்றுவதா என்று டீன் கேட்டால் அந்தக் கட்டுக்குள் பதில் கிடைக்காது.

சேலம் வட்டாரத்து மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களையும், மருத்துவக் கல்விப் பிரிவில் முதல்முறை பொறுப்பேற்றவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். எப்படியும் நடத்தப்போகிற ஒரு கற்பித்தல் திட்டத்தை முறையாக மதிப்பாய்வு செய்து, வெளியிடத் தகுந்த ஆய்வுப் பணியாகவும் அதையே வளர்க்க முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேள்வியையும், அதன் பதிலை வைத்து யார் என்ன முடிவெடுப்பார் என்பதையும் திட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் தரவைத் தேடுபவருக்கு அந்த ஃபார்ம் கட்டுதான் மிச்சம்.

எடுத்துக்காட்டாக ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் சேர்த்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் அது; ஒவ்வொரு மாணவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஏற்று, வீட்டுக்குப் போய் அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிப்பார். சேலத்தில் உள்ள ஒரு கல்லூரி தன் முதலாண்டு மாணவர் 100 பேரைச் சேர்வராயன் மலையில் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி கற்பனை, மலையும் பாதையும் காப்பிப் பருவமும் உண்மை.

மூன்று வேலைகள், ஒரே சொல்

தமிழில் ‘மதிப்பீடு’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேலைகளையும் குறிப்பிடுகிறோம். குழப்பம் அங்கிருந்தே வருகிறது. மாணவருக்கு மார்க் போடுவது ஒன்று. திட்டம் சரியாக நடக்கிறதா, பயன் தருகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இதை இந்தக் கட்டுரையில் ‘மதிப்பாய்வு’ என்போம். பிற கல்லூரிகளுக்கும் பயன்படும் அறிவை உண்டாக்குவது மூன்றாவது. அது ஆய்வு. மாணவர் மார்க்கை மதிப்பாய்வுக்குத் தரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாரும் பாஸ் ஆகிவிட்டதாலேயே திட்டம் வெற்றி என்று எழுத முடியாது. அந்த மார்க் விடுதி அறையில் முந்தின இரவு படித்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.

மதிப்பாய்வு எப்போது புலமைப் பணி ஆகிறது? கற்பித்தலையும் புலமைப் பணியாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்று எர்னஸ்ட் பாயர் 1990-இல் வாதிட்டார். அப்படியானால் அதன் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு 1997-இல் கிளாசிக்கும் உடன் எழுதியவர்களும் ஆறு அளவுகோல்களைத் தந்தார்கள்: தெளிவான நோக்கம், போதிய முன்தயாரிப்பு, பொருத்தமான முறை, பொருட்படுத்தத் தக்க முடிவு, பிறருக்குப் புரியும்படி முன்வைத்தல், தன் வேலையைத் தானே விமர்சித்துப் பார்த்தல். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இரண்டாவதிலும் ஆறாவதிலும்தான். முன்பு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடியே பார்த்திருக்க மாட்டார்கள். கடைசிப் பத்தியில் ‘மாதிரி அளவு சிறியது’ என்ற ஒரே வரியோடு சுயவிமர்சனத்தை முடித்திருப்பார்கள்.

எளிய சோதனை ஒன்று: கொல்லிமலைக்கோ கல்வராயன் மலைக்கோ மாணவரை அனுப்பும் இன்னொரு கல்லூரி உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் திட்டத்தில் ஏதாவது ஒன்றை மாற்ற முடியுமா? முடியும் என்றால் அது புலமைப் பணி.

முதல் படி: யார் முடிவெடுப்பார்?

எந்தக் கருவியையும் தேடும் முன், பதிலைப் பயன்படுத்தப் போகிறவர்களின் பட்டியலைப் போடுங்கள். நம் எடுத்துக்காட்டில் சமூக மருத்துவத் துறைத் தலைவர், பாடத்திட்டக் குழு, டீன், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், கிராம சுகாதார செவிலியர், அந்தக் குடும்பங்கள், மாணவர்கள். ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் உட்கார்ந்து, “இந்தத் திட்டத்தைப் பற்றி உங்களுக்கு எது தெரிந்தால் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். “மாற்ற எதுவும் இல்லை, நடந்தால் போதும்” என்று எல்லாருமே சொன்னால் வேறு திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. யாருக்கும் வேண்டாத பதிலைத் தேடி ஓராண்டு உழைப்பது வீண்.

கிடைத்த பதில்களை ‘இப்படி இருந்தால் இதைச் செய்வோம்’ என்ற வடிவில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பத்து வருகையில் மூன்றுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால், வருகை நேரத்தை மாற்றுவோம்’ என்பது நல்ல வாக்கியம். ‘மாணவரின் மனப்பான்மையை அறிய’ என்பது எந்த முடிவுக்கும் கொண்டுபோகாது.

இரண்டாம் படி: ஒரே தாளில் திட்டத்தின் வரைபடம்

ஒரு ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து ஐந்து பத்தியாகப் பிரியுங்கள். இடமிருந்து வலமாக: போடும் வளங்கள், செய்யும் வேலைகள், உடனே எண்ணக்கூடிய விளைச்சல், மாணவரிடம் வரும் மாற்றம், நெடுங்காலப் பயன். வளங்கள் என்றால் இரண்டு பஸ், ஆறு ஆசிரியர், பி.பி. கருவி, குடும்ப ஃபோல்டர். வேலை என்றால் வீட்டு வருகை, திரும்பி வந்தபின் கலந்துரையாடல். விளைச்சல் என்றால் நடந்த வருகைகளின் எண்ணிக்கை, முழுதாக நிரப்பிய ஃபோல்டர்கள். மாற்றம் என்றால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் உட்கார்ந்து உடல்நல வரலாறு கேட்கத் தெரிவது. நெடுங்காலப் பயன் என்றால் அந்தக் குடும்பம் மருந்தை விடாமல் எடுத்துக்கொள்வது, அந்த மாணவர் பின்னாளில் நோயாளியை அவர் வீட்டுச் சூழலோடு சேர்த்துப் பார்ப்பது.

இதுவரை எல்லாரும் வரைந்துவிடுவார்கள். பத்திகளுக்கு நடுவில் போடும் அம்புக்குறிகளில்தான் வரைபடத்தின் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு அம்பின்மேலும் அது எந்த ஊகத்தை நம்பி நிற்கிறது என்று எழுதுங்கள். மலையில் அந்த ஊகங்கள் ஒவ்வொன்றாக உடையும்:

– ‘மாணவருக்குப் போதிய நேரம் கிடைக்கும்.’ சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ., நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கல்லூரி பஸ்ஸுக்கு ஏற மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அங்கிருந்து குடியிருப்புக்கு இன்னும் தூரம். மூன்று மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழியும். இறங்கியதும் வாந்தி எடுக்கும் மாணவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

– ‘குடும்பம் வீட்டில் இருக்கும்.’ நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. காலை பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் பாட்டியும் குழந்தையும்தான் இருப்பார்கள்.

– ‘பாதை திறந்திருக்கும்.’ வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மே மாதத்தில் சுற்றுலாக் கூட்டம்.

– ‘மாணவரும் குடும்பமும் பேசிக்கொள்வார்கள்.’ அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகின்றன. தமிழ் தெரியாத மாணவர் குழுவில் இருந்தால், தமிழ் தெரிந்தவர் பேசுவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். ஃபோல்டரில் இருவர் பெயரும் இருக்கும்.

இந்த ஊகங்களே உங்கள் மதிப்பாய்வுக் கேள்விகளுக்கு ஊற்று. வரைபடத்தைத் தனியாக உட்கார்ந்து போடாதீர்கள். கிராம சுகாதார செவிலியரைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குடியிருப்பில் எந்தக் கிழமை ஆள் இருப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாம் படி: சட்டகத்தைத் தேர்வது

புதியவர்கள் அதிக நேரம் செலவிடுவது இங்கே. அவ்வளவு தேவையில்லை.

டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-இல் தொழிற்பயிற்சிகளுக்காக எழுதத் தொடங்கிய நான்கு நிலைகள் மருத்துவக் கல்வியில் மிகவும் புழங்குகின்றன: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கோ நோயாளிக்கோ பயன் கிடைத்ததா. விளைவை மட்டும் பார்க்க இது போதும். ஏன் அந்த விளைவு வந்தது என்பதற்கு இதில் பதில் இல்லை. முதல் நிலை நன்றாக இருந்தால் அடுத்த நிலைகளும் தாமாக வரும் என்று நினைப்பதும் தவறு. மாணவருக்குப் பிடிக்காத வகுப்பிலும் கற்றல் நடக்கும்.

டேனியல் ஸ்டஃபில்பீம் 1960-களில் உருவாக்கிய சிப் மாதிரி சூழல், உள்ளீடு, நடைமுறை, விளைவு என்று நான்கையும் பார்க்கச் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தைத் திருத்தும் எண்ணம் இருந்தால் இதுவே வசதி. குடும்பத் தத்தெடுப்புக்கு நாங்கள் பரிந்துரைப்பதும் இதைத்தான், இரண்டாம் படியில் போட்ட வரைபடத்தோடு சேர்த்து. ஒரே திட்டம் நாகலூரில் நடந்து மாரமங்கலத்தில் நடக்காமல் போனால், ‘எது, யாருக்கு, எந்தச் சூழலில், எப்படிப் பலிக்கிறது’ என்று கேட்கும் பாசன், டில்லி இருவரின் யதார்த்தவாத அணுகுமுறைக்குப் போகலாம். அது இரண்டாம் சுற்றுக்கான வேலை.

எதை எடுத்தாலும் அதன் பெயரைச் சொல்லிவிட்டு முதல் நிலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ‘கர்க்பாட்ரிக் மாதிரிப்படி மதிப்பாய்வு’ என்று தலைப்பிட்டு உள்ளே திருப்திப் படிவம் மட்டும் வைத்த கட்டுரையை மதிப்புரைஞர் இரண்டே நிமிடத்தில் திருப்பி அனுப்புவார்.

நான்காம் படி: மூன்றே கேள்வி

மூன்றுக்கு மேல் வேண்டாம். நம் எடுத்துக்காட்டுக்கு இவை:

1. திட்டமிட்ட வருகைகளில் எத்தனை, குடும்பத்தில் பெரியவர் ஒருவராவது வீட்டில் இருந்து, குறைந்தது 30 நிமிடம் நடந்தன?
2. ஆண்டுத் தொடக்கத்தைவிட முடிவில் மாணவர் குடும்ப உடல்நல வரலாற்றை நன்றாகக் கேட்டு எழுதுகிறாரா?
3. இந்த வருகைகள் குடும்பத்துக்குப் பயனா, சுமையா?

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டவணை வரிசை போடுங்கள்: எதை அளப்போம், யாரிடமிருந்து, எந்தக் கருவியால், எந்த மாதத்தில், யார் பொறுப்பு, எவ்வளவு வந்தால் போதுமானது. கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். ‘80 சதவீத வருகைகள் முழுமையாக நடந்தால் போதும்’ என்று முன்பே எழுதிவிட்டால், பின்னால் 62 வரும்போது ‘மலைப்பகுதிக்கு இது நல்ல எண்தான்’ என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ள வழியிராது. 80 என்பது வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. முதல் படியில் பேசிய ஆட்களோடு சேர்ந்து முடிவு செய்தால் போதும்.

ஐந்தாம் படி: கருவிகள்

கட்டுரைகள் அதிகம் உடைவது இந்த இடத்தில். ஆகவே கொஞ்சம் விரிவாக.

*வருகைப் பதிவு.* லாக் புக்கில் ‘விசிட் முடிந்தது’ என்று ஆசிரியர் கையெழுத்து இருந்தால் போதாது. வீட்டுக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், யார் இருந்தார்கள், பேசியது எந்த மாணவர் என்ற நான்கு கட்டங்களைச் சேருங்கள். ஒரு நிமிட வேலை. முதல் கேள்விக்கு முழுப் பதிலும் இதிலிருந்தே கிடைக்கும்.

*அறிவுத் தேர்வு.* 20 எம்.சி.க்யூ. (பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) போதும். முன் தேர்வுக்கும் பின் தேர்வுக்கும் அதே வினாத்தாளை அதே வரிசையில் கொடுத்தால் மாணவர் ஞாபகத்திலிருந்து எழுதுவார். சமமான இரண்டு தாள்களைத் தயாரித்து, பாதிப் பேருக்கு முதலில் ‘அ’, மற்றவர்க்கு ‘ஆ’ கொடுத்துப் பின்னால் மாற்றுங்கள். முந்தின பேட்ச்சிடம் சோதித்து, கடினக் குறியீடு (சரியாக எழுதியவர்களின் சதவீதம்) 30 முதல் 70 சதவீதத்துக்குள்ளும் பிரித்தறிதல் குறியீடு (நன்றாகப் படிப்பவரையும் மற்றவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு) 0.2-க்கு மேலும் இருக்கும் கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

*நேரடிக் கவனிப்பு.* வரலாறு கேட்கும் திறனை எம்.சி.க்யூ. அளக்காது. 10 அம்சங்கள் கொண்ட செக்லிஸ்ட் ஒன்று தயாரியுங்கள்: தன்னை அறிமுகம் செய்தாரா, எதற்கு வந்தோம் என்று சொன்னாரா, உட்கார்ந்து பேசினாரா, வீட்டார் பேசும்போது இடைமறிக்காமல் கேட்டாரா, குடிநீர், அடுப்பு, கழிப்பறை பற்றி விசாரித்தாரா, எடுத்துக்கொள்ளும் மருந்துகளை வாங்கிப் பார்த்தாரா என்பது போல. ‘நன்றாகப் பழகினார்’ என்ற அம்சத்தை வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு மாதிரி மார்க் போடுவார்கள். முதலில் 15 மாணவர்களை இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் தனித்தனியாக மதிப்பிடட்டும். இருவரின் மதிப்பீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் கப்பா அளவால் கணக்கிடுங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் செக்லிஸ்ட்டின் சொற்களைத் திருத்திவிட்டு மறுபடி செய்யுங்கள். நூறு பேரையும் மலையில் கவனிக்க ஆள் போதாது. ஒவ்வொரு குழுவிலும் குலுக்கலில் சிலரைத் தேர்ந்தெடுத்துக் கவனித்தால் போதும். எப்படித் தேர்ந்தோம் என்பதைக் கட்டுரையில் எழுதுங்கள்.

*தன்மதிப்பீடு.* “குடும்பத்தோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு” என்ற கேள்விக்குத் தொடக்கத்தில் மாணவர் 5-க்கு 4 போடுவார். ஓராண்டு மலை ஏறி இறங்கியபின் 3 போடுவார். திறன் குறைந்துவிட்டதாக அதை வாசித்துவிடக் கூடாது. தனக்கு எவ்வளவு தெரியாது என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது, அளவுகோலே நகர்ந்துவிட்டது. இதைச் சமாளிக்க, ஆண்டு முடிவில் ஒரே தாளில் ‘அப்போது எப்படி இருந்தேன்’, ‘இப்போது எப்படி இருக்கிறேன்’ என்று இரண்டையும் கேட்கும் பின்னோக்கு முறை உதவும். அதையும் துணைத் தரவாக மட்டும் வையுங்கள்.

*குழு உரையாடல்.* 6 முதல் 8 மாணவர், 60 முதல் 90 நிமிடம். நடத்துபவர் அவர்களுக்கு இன்டர்னல் மார்க் போடாத வேறு துறைக்காரராக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தமிழ் தெரியாத மாணவர்களுக்குத் தனிக் குழு வையுங்கள். கலந்து உட்கார வைத்தால் அங்கேயும் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

*குடும்பங்களிடம் பேசுவது.* “மாணவர்கள் வருவது உங்களுக்குத் திருப்தியா?” என்று கேட்டால் மலையில் எந்த வீட்டிலும் “நல்லாத்தான் இருக்குங்க” என்ற பதில்தான். வீடு தேடி வந்த டாக்டரை முகம் கோண வைக்க யாருக்கு மனம் வரும்? நடந்ததைக் கேளுங்கள்: “பசங்க கடைசியா எப்ப வந்தாங்க? அன்னிக்கு நீங்க வேலைக்குப் போகலையா? என்ன கேட்டாங்க? அவங்க போன பிறகு நீங்க ஏதாவது மாத்திக்கிட்டீங்களா?” இரண்டாவது கேள்வியில்தான் சுமை தெரியும். மாணவர் வருகிறார்கள் என்று ஒருவர் அரைநாள் கூலியை விட்டிருந்தால், உங்கள் திட்டத்தின் செலவை அவரும் சேர்ந்து சுமக்கிறார். அதைப் பதிவு செய்வது உங்கள் கடமை.

பேச்சை எஸ்டேட் அலுவலகத்திலோ, மேஸ்திரி, ரைட்டர் பக்கத்தில் இருக்கும்போதோ வைத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம், வீட்டுத் திண்ணையில், பெண்களிடம் தனியாக. கேட்பவர் அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கிய மாணவராகவும் இருக்கக் கூடாது. சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களான மலையாளிகளின் (கேரளத்தவர் அல்லர்) பேச்சில் சில சொற்கள் சமவெளியிலிருந்து வேறுபடும். கேள்விகளை முதலில் அந்த ஊர்க்காரர் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டது என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒப்பிட ஒரு குழு

முன் தேர்வு, பின் தேர்வு மட்டும் வைத்துத் திட்டத்தால்தான் மாற்றம் என்று சொல்ல முடியாது. ஓராண்டில் மாணவர் எப்படியும் வளர்வார். கட்டுப்பாட்டுக் குழு என்று யாருக்கும் திட்டத்தை மறுக்கவும் முடியாது, அது பாடத்திட்டத்தில் உள்ளது. நடைமுறையில் சரிப்படும் வழி: முதல் ஆறு மாதம் பாதிப் பேர் மலைக் கிராமங்களுக்கு, மற்றவர் ஓமலூர், வீரபாண்டி பக்கத்துச் சமவெளிக் கிராமங்களுக்கு; பிறகு கூடுதல் வருகைகளுக்காக இடம் மாற்றிக்கொள்வது. அப்படிச் செய்தால் அவரவர் தத்தெடுத்த குடும்பத்தோடு தொடர்பு அறுந்துபோகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் முந்தின பேட்ச்சோடு ஒப்பிடுங்கள், அதன் குறையையும் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தினரின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்று காட்ட ஆசை வரும். எச்சரிக்கை. 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்கே மாத்திரை போகிறது. குறைந்த அழுத்தம் உங்கள் மாணவரால் வந்ததா, அந்தத் திட்டத்தால் வந்ததா என்று பிரிக்க உங்களிடம் தரவு இராது. முதல் ஆண்டில் அந்தக் கேள்வியைத் தொடாமல் இருப்பதே நேர்மை.

ஆறாம் படி: எத்திக்ஸ் கமிட்டி

“நாங்கள் ஃபீட்பேக்தான் வாங்குகிறோம், அனுமதி எதற்கு?” என்ற கேள்வி எல்லாக் கல்லூரியிலும் எழுகிறது. உள்ளுக்குள் திருத்திக்கொள்ள மட்டும் வாங்குவது வேறு. வெளியிடும் எண்ணம் துளியாவது இருந்தால், தரவு எடுக்கும் முன்பே நிறுவன எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதுங்கள். விலக்கு உண்டா, விரைவுப் பரிசீலனையா, முழுப் பரிசீலனையா என்பதைக் கமிட்டிதான் சொல்லும். நீங்களே ‘விலக்கு’ என்று முடிவு செய்துகொள்ள முடியாது. தரவெல்லாம் எடுத்தபின் முன்தேதியிட்ட அனுமதி கேட்டு நிற்பதும், அது கிடைக்காமல் இரண்டாண்டு வேலை முடங்குவதும் மிகச் சாதாரணமாக நடக்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி மாணவர்கள் ஆசிரியருக்குக் கீழ்ப்பட்ட நிலையில் இருப்பவர்கள்; சுதந்திரமாக மறுக்க அவர்களால் எளிதில் முடியாது. ஆகவே ஒப்புதல் படிவத்தை மார்க் போடும் ஆசிரியர் வாங்கக் கூடாது. களப்பணிக்குப் போவது கட்டாயம், ஆனால் அதில் வரும் தரவை ஆய்வுக்குத் தருவது விருப்பம் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். பெயரில்லாமல் முன் தேர்வையும் பின் தேர்வையும் இணைக்க, மாணவரே உருவாக்கும் குறியீடு உதவும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள், செல்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்பது போல. கூகுள் ஃபார்ம் என்றால் இமெயில் சேகரிக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

குடும்பங்களுக்குத் தனி ஒப்புதல். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு என்றால் சாட்சியோடு. பழங்குடிக் குடியிருப்பில் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவது முறை. ஆனால் அவர்கள் சரி என்றதாலேயே ஒவ்வொரு வீட்டின் சம்மதமும் கிடைத்துவிட்டதாக ஆகாது. வருகையில் அதிக ரத்த அழுத்தமோ, கர்ப்பிணிக்குச் சோகையோ தெரியவந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்பதையும் திட்ட வரைவிலேயே எழுதுங்கள்.

ஏழாம் படி: எண்ணிப் பார்ப்பது

புள்ளியியல் இங்கே எளிது. பயப்பட வேண்டாம்.

ஒரே மாணவரின் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிட ஜோடி டி-சோதனை. மதிப்பெண்களின் பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வில்காக்சன் சோதனை. பி மதிப்பை மட்டும் தராமல், வித்தியாசம் எவ்வளவு என்பதை நம்பக இடைவெளியோடு (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லைகளோடு) எழுதுங்கள். நூறு பேர் என்றால் 20-க்கு அரை மார்க் கூடியதுகூடப் ‘புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கது’ என்று வந்துவிடும். கற்பிப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. கற்றல் ஈட்டத்தையும் கணக்கிடலாம்: முன் தேர்வு 45 சதவீதம், பின் தேர்வு 70 என்றால், கூடியது 25, கூடியிருக்க முடிந்தது 55, ஈட்டம் 25-ஐ 55-ஆல் வகுத்து 0.45.

ஒரே குழுவாகப் போகும் மாணவர்கள் ஒரே ஆசிரியர், ஒரே கிராமம் என்று பகிர்வதால் அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றுபோல இருக்கும். குழுவாரியாகப் பிரித்தும் ஓர் அட்டவணை காட்டுங்கள். தமிழ் தெரிந்தவர், தெரியாதவர் என்றும் பிரியுங்கள். மொத்தச் சராசரி இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். 100 பேரில் 64 பேர்தான் பதில் தந்தார்கள் என்றால், தராத 36 பேர் வருகைப் பதிவில் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். மலைக்கு அதிகம் வராதவர்களே அவர்கள் என்றால், உங்கள் 4.3 வந்தவர்களின் 4.3 மட்டுமே.

உரையாடல்களைத் தமிழிலேயே எழுத்தாக்கி, தமிழிலேயே குறியிடுங்கள், அதாவது ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று ஒரு பெயர் கொடுங்கள். முதலிலேயே ஆங்கிலத்துக்கு மாற்றினால் “வந்தா சரி, வராட்டியும் சரி” போன்ற ஒரு வரி ‘நடுநிலை’ ஆகிச் செத்துப்போகும். இருவர் தனித்தனியாகக் குறியிட்டு, பிறகு சேர்ந்து உட்கார்ந்து வேறுபாடுகளைப் பேசித் தீர்க்கட்டும். கட்டுரைக்கு எடுக்கும் மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்க்கலாம்.

எட்டாம் படி: சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வது

டீனுக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் இரண்டு பக்கம்: மூன்று கேள்வி, மூன்று பதில், முன்பே எழுதிய எல்லையைத் தொட்டதா இல்லையா, என்ன மாற்றம் கேட்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மணி நேரக் கூட்டம். ஊரில் வாய்மொழியாக, நீங்கள் பேசிய குடும்பங்கள் முன்னால். மூன்றாவதைத் தவிர்த்துவிட்டுக் கட்டுரைக்குப் போகும் வழக்கம் நல்லதல்ல.

கட்டுரையில் திட்டத்தின் விவரணைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். எத்தனை வருகை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், பஸ் செலவு எவ்வளவு, எந்த மாதங்கள். இதை இரண்டு வரியில் முடிப்பதால்தான் மற்ற கல்லூரிகளால் பின்பற்ற முடிவதில்லை. வருகை குறைந்தது, திறன் கூடவில்லை என்று வந்தாலும் எழுதுங்கள். காப்பிப் பருவத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன என்ற முடிவு, மலைக்கு மாணவரை அனுப்பும் எல்லாருக்கும் ‘மாணவர் மகிழ்ந்தனர்’ என்பதைவிடப் பல மடங்கு பயன்படும். கட்டுரையை எழுதியவர்களாக யார் யார் பெயரைப் போடுவது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு தந்திருக்கும் நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்தவர் பெயர் மட்டும் இடம்பெறட்டும். பேட்டி எடுத்து உதவிய செவிலியருக்கு நன்றிப் பகுதியிலாவது இடம் வேண்டும்.

முறையாகப் பயிற்சி வேண்டுமென்றால் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி தர தேசிய மருத்துவ ஆணையம் வைத்திருக்கும் நோடல் மையங்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் ஒன்று. அங்கு நடக்கும் மேல்நிலைப் பயிற்சியில் ஒரு கல்வித் திட்டத்தைச் செய்து முடிப்பதும் அடக்கம். மருத்துவக் கல்வி மேம்பாட்டுக்கான சர்வதேச அமைப்பான ஃபெய்மருக்குக் கோவை பி.எஸ்.ஜி.யில் உள்ள மண்டல நிறுவனத்தின் இரண்டாண்டு ஃபெலோஷிப்பிலும் அப்படியே. கையில் ஒரு திட்ட வரைபடத்தோடு போய்ச் சேர்பவர்க்கு அந்தக் காலம் முழுதும் பயன்படும்.

மதிப்பாய்வின் பேரில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் துறைப் பதிவேட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்: வருகை நேரம் காலையிலிருந்து மாலைக்கு மாறியது எந்தத் தேதியில், தமிழ் தெரியாத மாணவர்க்குப் பேச்சுத் தமிழ் வகுப்பு தொடங்கியது எந்த வாரத்தில், பறிப்புப் பருவத்தில் சமவெளிக்கு மாற்றியது எந்த மாதத்தில். அடுத்த பேட்ச்சின் தரவை மாற்றத்துக்கு முன், பின் என்று பிரிக்க உட்காரும்போது முதலில் கேட்கப்போவது அந்தத் தேதிகளைத்தான்.